ஒன்பதடி எட்டங்குலம்

வீடு பார்க்கப் போகிறவர்கள்
குழாயைத் திறந்து பார்ப்பார்கள்,
கிழக்கு எந்தப் பக்கம் என்பார்கள்.
நான் வாசல் உத்தரத்தின் கீழே நின்று
டேப்பை மேலே நீட்டுவேன்.

ஏழடி ஆறு.
ஏழடி ஒன்பது.
காக்ஸ் டவுனில் ஓர் ஓட்டு வீடு, எட்டடி;
அதற்கு மேலே தண்ணீர்க் குழாய் குறுக்கே ஓடியது.

"காருக்குத்தானே சார்?" என்றார் நாகேந்திரப்பா.
மனோரஞ்சிதம் போனை எடுத்துப் படம் காட்டினாள்:
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக் களைத்த டெம்போ டிராவலர்,
இப்போது அதற்குள் கட்டில், ஒற்றை அடுப்பு,
நாற்பது லிட்டர் தொட்டி,
கூரைமேல் சோலார் தகடு இரண்டு.
அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
"இதிலேயே இருந்துவிடலாமே, வீடு எதற்கு?"
கேட்ட பிறகுதான் கமிஷன் நினைவுக்கு வந்தது அவருக்கு.

லாடம் கிடைத்ததென்று குதிரை வாங்கினவன் கதையை
என் தம்பி இரண்டு தடவை சொல்லிவிட்டான்.
நாங்கள் குதிரையை வாங்கிக் கட்டியிருப்பது
கஸ்தூரி நகரில், யாரோ ஒருவர் வீட்டு மதிலோரம்.
அதன் தூசியில் விரலால் கன்னடத்தில் எழுதியிருந்தார்கள், எடு என்று.
துடைத்தேன்.
மறுநாள் இன்னும் அழகான கையெழுத்து.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி.
பகலில் அடுத்த வீட்டு மிக்ஸிக்குப் பயந்து
தலையணையோடு தெருவில் இறங்கி
வேனுக்குள் போய்த் தூங்குவாள்.
கோகர்ணம் போனது ஒரு முறை.
தெருவில் தூங்கியது இருநூறு முறை.

பதினேழாவது வீடு கல்கெரேயில்.
ஷாமியானா கடைக்காரர் கட்டியது.
கம்புகளுக்கும் நாற்காலிகளுக்கும் ஷெட், ஒன்பதடி பத்து;
மனிதர்களுக்கு ஓர் அறை,
கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும்.
மனோரஞ்சிதம் சமையலறைக்குள் நுழையவே இல்லை.
ஷெட்டின் நடுவில் நின்று
மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள்.
நாகேந்திரப்பா என்னைப் பார்த்தார்.
விலை அங்கேயே ஏறிவிட்டது.

ஏ காத்தா, வில்லங்கம், தாய்ப் பத்திரம்.
பேங்க் அனுப்பிய மதிப்பீட்டாளர்
வீட்டைவிட ஷெட் ஏன் பெரிது என்று கேட்டார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
'ஸ்டோர்' என்று தானே எழுதிக்கொண்டார்.
இருபது வருஷம், மாதம் நாற்பத்தோராயிரம்.
கையெழுத்துப் போட்டபோது
டீசல் விலை என்ன என்பது மறந்தே போயிருந்தது.

கடைக்காரர் போய் மூன்று வருஷம்.
விற்றது அவர் மனைவி முனிவெங்கடம்மா.
நல்ல மனசு அந்த அம்மாவுக்கு.
சாவி கொடுக்கும் முன்
குழிவிழுந்த தரையில் எங்கள் வண்டி நிற்கக் கூடாதென்று
சொந்தக் காசில் காங்கிரீட் போட்டிருந்தார்,
சுத்தமாக, மட்டமாக,
இரண்டு அங்குலம்.

வேனின் உயரம் ஒன்பதடி எட்டு.
வாசலும் இப்போது ஒன்பதடி எட்டு.
முதல் முயற்சியில் தகட்டின் விளிம்பு கீச்சிட்டது.
என் பல் கூசியது.
யாரும் பேசவில்லை.
பிறகு முனிவெங்கடம்மா புடவையை இடுப்பில் செருகி உட்கார்ந்து,
கொண்டையிலிருந்து ஊசியை உருவி
முன் டயரின் வாயில் அழுத்தினார்.
பூனை கோபித்துக்கொண்ட மாதிரி
காற்று போனது.
ஆறு டயருக்கும் குனிந்து நிமிர்ந்தார்.
வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.
வாசலைத் தாண்டும்போது
அவளும் நானும், காரணமே இல்லாமல்,
எங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

கட்டில் வரவில்லை அன்று.
வேனுக்குள்ளேயே படுத்தோம்.
மழை பிடித்தது.
முன்பெல்லாம் காதோரம் கொட்டுகிற மழை
இப்போது ஒரு கூரை தள்ளிப் பெய்தது,
அடுத்த தெருவில் யாருக்கோ பெய்வதுபோல.

இரண்டு மணிக்கு அவள் புரண்டாள்,
பயணத்தில் விழித்தால் கேட்கிற அதே கேள்வி:
"எங்க இருக்கோம்?"
கல்கெரே.
"எவ்வளவு தூரம் வந்திருக்கோம்?"
ஆறு கிலோமீட்டர் என்றேன்.
ம்ம் என்று தூங்கிப்போனாள்.

காலையில் முதல் வேலை,
காற்றடிக்கிற பம்பு ஒன்று வாங்க வேண்டும்.