எலியைக் கழித்து

சமையலறைத் தராசு
ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றது.
ஆயிரத்து ஐந்நூறு கிராம் வந்தால் இணை சேர்க்கலாம்,
பாம்பு வளர்ப்பவர்களின் வாய்ப்பாடு அது.
ஆண் பாம்பைத் தலையணை உறையில் முடிந்து
சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே
தன் வயிற்றுச் சூட்டில் வைத்து
ஓலமூட்ஸிலிருந்து ரயிலில் வந்திருந்த ஸ்வாதோப்லுக்
"பன்னிரண்டு கூடுதலாகவே இருக்கிறது" என்று
தேநீருக்குக் கை நீட்டினான்.

திராஹொமீரா நாட்காட்டியைப் பார்த்தாள்.
ஞாயிறு, ஓர் எலி.
இன்று செவ்வாய்.
எலி எண்பது கிராம்.
"அதில் கொஞ்சம் எலி" என்றாள்.
"உள்ளே போனபின் எல்லாம் பாம்புதான்" என்றான்.

ஆஸ்ட்ராவாவின் புகைபோக்கிகள்மேல்
பனி கொட்டிக்கொண்டிருந்தது.
புக்தா
(அந்த ஊரில் உள்ளே ஜாம் வைத்துச் சுட்ட பன்)
தலையை நடுவில் ஒளித்துச் சுருண்டு
தராசுத் தட்டில்
பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்க்கலாம்.
முருங்கையை முறுக்கலாம்.
தேங்காயைக் காதருகே ஆட்டலாம்.
பாம்பை
அதன் போக்கில் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.
விரல்களை வளைத்து, கட்டைவிரலை
வயிற்றடியில் சும்மா வைத்திருக்க வேண்டும்.
அழுத்தக் கூடாது. தேடக் கூடாது.
அவள் ஊர்ந்து போகும்போது
இருந்தால் தாமாகவே வரும்,
ஈரத்துணியில் முடிந்த கொண்டைக்கடலைபோல
ஒன்றன்பின் ஒன்றாக.

வழுக்கிக்கொண்டு போனாள்.
வால் முடிந்தது.
விரலில் ஒன்றும் தட்டவில்லை.

"விட்டுப் பார்ப்போமே,
ஆண் வந்தால் முட்டை தானாக முற்றும்."

"வில்மா" என்றாள்.
அவளும் மேலே சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.
ஆறு முட்டையில் ஐந்து வெளியே வந்தன.
ஆறாவது
மருத்துவரின் மேசைவரை உள்ளேயே இருந்தது.
வில்மாவுக்கும் தராசு
சரியாகத்தான் காட்டியிருந்தது.

உறையை மறுபடி முடிந்துகொண்டு
கடைசி ரயிலுக்கு அவன் நடந்தான்.

விடியுமுன் அவள் டிராமில் ஏறி உட்கார்ந்தாள்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை மூடுமுன்
பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை:
யாராவது ஓடி வருகிறார்களா,
ஓடி வருவதுபோல் வந்து
சிகரெட் பற்றவைக்க நின்றுவிடுகிறார்களா.
இத்தனை நொடி என்று அதற்கும் கணக்கு உண்டு.
இருபது வருடத்தில்
ஒருநாளும் அவள் எண்ணியதில்லை.

பிப்ரவரியில் புக்தா எலியை மறுத்தாள்.
அடுத்த வாரமும் மறுத்தாள்.
விளக்கின் சூட்டை விட்டுக்
குளிர்ந்த மூலைக்குப் போய்த்
தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு
இடுப்பைப் புரட்டி
(பாம்புக்கு இடுப்பு ஏது, ஆனால் அங்கேதான்)
பாதி வயிறு மேலே தெரியக் கிடந்தாள்.
மஞ்சளெல்லாம் புளிபோட்டுத் துலக்கிய பித்தளை.
திராஹொமீரா கை வைத்தாள்.
ஒன்று.
இரண்டு. மூன்று.
நான்காவது கட்டைவிரலையே தூக்கிவிட்டது.

"விற்றுவிட்டேனே" என்றான் ஸ்வாதோப்லுக்,
"கிறிஸ்துமசுக்கு முன்பே, ஜிலினாவில் ஒருவருக்கு.
எல்லை தாண்டி இரண்டு மணி நேரம்தான்.
கேட்கட்டுமா?"
"கேள்" என்றாள்.
கோப்பையில் அவன் கரண்டி சுற்றும் ஓசை
போனில் கேட்டது.

ஜிலினாக்காரர் எடுக்கவில்லை.
பிறகு எடுத்தார், தோல் உரிக்கிறது என்றார்.
அதன்பின் மறுபடியும் எடுக்கவில்லை.

மார்ச்சில், விரலடியில் மணிகள் சிறுத்தன.
ஒருநாள் இல்லை.
கீழே எதுவும் விழவில்லை.
வந்த உடம்புக்குள்ளேயே கரைந்துபோயின,
கேட்டவன் வராததால்
மறுபடி பானைக்குள் போட்ட அரிசிபோல.

அவள் நோட்டில் எழுதினாள்:
பதினொன்றாம் தேதி. ஓர் எலி. எண்பது கிராம்.
கேட்காமலே தின்றாள்.
எடை நாளைக்கு வேண்டாம்.
செரிக்கட்டும்.