வேறு மருந்து ஏதாவது?

மஞ்சள் மொட்டை நசுக்கினால்
விரலில் சிவப்பு வரும்.
க்ரான் நகரத்துப் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு சரிவு.
ஜூன் இருபத்துமூன்று மாலை
அங்கே போய்ப் பறிப்பேன்.
அருளப்பர் திருநாளுக்குப் பூப்பதால்
அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.
இலையை வெளிச்சத்தில் பிடித்தால்
ஊசியால் குத்தியதுபோல் நூறு துளை.

பாதியை ஆலிவ் எண்ணெயில் போட்டு
நாலாவது மாடி பால்கனியில் வைப்பேன்.
நாற்பது நாள் வெயில் குடித்து
எண்ணெய் திராட்சை மதுவின் நிறத்துக்கு வரும்.
அது எனக்கு.
இடப்பக்க விலாவுக்குக் கீழே
முதுகு நோக்கி வளையும் ஒரு சாண் தழும்பு;
நாளைய மழை அதற்கு இன்றே தெரிந்துவிடும்.

மீதியை உலர்த்திக் காகிதப் பையில் கட்டி
தேனுக்கும் தேயிலைக்கும் நடுவே.
அது யாருக்கு வேண்டுமானாலும்.
வயிற்றுக்கு, தூக்கத்துக்கு,
நவம்பரில் மூடுபனி இறங்கி
மூன்று வாரம் எதிர்வீட்டு ஜன்னல் தெரியாதபோது
மனசுக்கு.

அந்த நவம்பரில் என் தங்கை யெர்னேயாவுக்கு
மனசு சரியில்லை.
அழவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவத் தொடங்கி
கத்தியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள்.
நான்தான் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மூடிவைத்துப் பத்து நிமிஷம்."
சிறுநீரகம் கொடுத்தவன் சொன்னால்
கேட்கத்தானே வேண்டும்.

ஆம், தழும்பு அதனால் வந்ததுதான்.
இரண்டு வருஷமாக என்னுடையது ஒன்று
அவள் அடிவயிற்றில் வேலை பார்க்கிறது.
ஒரே தாய், ஒரே தகப்பன்;
இருந்தும் அவள் உடம்புக்கு அது அயலான்.
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும்
ஒரு மாத்திரை உள்ளே போய்
காவலர்களைத் தட்டித் தூங்கவைக்க வேண்டும்.

ஜனவரியில் ல்யூப்லியானாவிலிருந்து போன்.
ரத்தத்தில் மாத்திரை பாதிகூட இல்லையாம்.
டாக்டர் ஹ்ரிபெர்னிக் கேட்டார்: வேளை தவறினீர்களா?
இல்லை.
வாந்தி, வயிற்றுப்போக்கு?
இல்லை.
வேறு மருந்து ஏதாவது?
இல்லை.

பொய் இல்லை அது.
எங்கள் வீட்டில் மருந்து இருப்பது குளியலறை அலமாரியில்.
இது சமையலறையில் இருந்தது.
சமையலறையில் இருப்பது சாப்பாடு.

மாத்திரையைக் கூட்டினார்கள். எண் இறங்கியது.
மறுபடி கூட்டினார்கள்.
மூன்றாம் தடவை டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுக்
கேள்வியை மாற்றினார்:
"காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள்?"

அந்தப் பூ கல்லீரலிடம் போய்
வீட்டைப் பெருக்கு என்கிறதாம்.
கல்லீரல் சொன்ன பேச்சுக் கேட்கும்.
குப்பையோடு சேர்த்து
மாத்திரையையும் வாரிக் கொட்டிவிடும்.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நின்று இதைக் கேட்டேன்.
விரல்களைப் பார்த்தேன். ஜனவரி; சிவப்பு இல்லை.
ஒரு கையால் கொடுத்ததை
மறுகையால், தேன் கலந்து,
திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்பார்கள்.
ஏதோ செய்யும் என்றுதானே குடிக்கிறோம்.

பிப்ரவரி முழுக்க அங்கேதான்.
சிறுநீரகம் முரண்டு பிடித்து, பிறகு எதற்கோ இரங்கி
வேலைக்குத் திரும்பியது.
அரை மனதோடுதான் என்கிறாள் யெர்னேயா,
"உன்னுடையது அல்லவா."
மனசுக்கு இப்போது செவ்வாய்க்கிழமைகளில்
ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறாள்.

பையை நான் எறியவில்லை.
மிச்சத்தை நானே குடித்துத் தீர்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அதில்தான் எனக்குக் கோபம்.

ஜூனில் சரிவுக்கு அவளும் வந்தாள்.
வேண்டாம் என்றேன். பறிக்க மட்டும் என்றாள்.
இந்த வருஷம் ஜாடியில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு:
வெளிப்பூச்சு. யெர்னேயா தொடாதே.
அதைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி
கேட்டிருக்கிறாள்:
தழும்பின் பின்பாதி அவனுக்கு எட்டவில்லை,
நான் தடவிவிடலாமா?

இரண்டு நாள் கழித்துப் பதில்:
"அண்ணனுக்குத் தடவலாம்.
பிறகு கை கழுவவும்."