பத்துச் சோள மணி

பள்ளம் இருக்கிறதென்று சொல்லி அனுப்பினார்கள்.
நான் பார்த்தது தட்டைத் தரை,
மொபானே மரங்கள்,
வேலிக் கம்பியில் மாட்டி ஆடும் ஒரு நீலப் பை.

வானத்திலிருந்து எது விழுந்தது, எப்போது,
எவரும் பார்க்கவில்லை.
விழுந்த குழியில் ஏரி நின்றிருக்கிறது,
ஏரியில் சேறு,
சேற்றின் மேல் மணல்,
மணலின் மேல் இன்று காலையின் ஆட்டுப் புழுக்கை.
தூர்ந்த கிணற்றுக்காவது
ஒரு கல் அடையாளம் கிடக்கும்.
போட்ஸ்வானாவின் இந்த மூலையில் அதுவும் இல்லை.

ஆகவே எடை போட வந்தோம்.

ஈர்ப்புமானிக்கு மூக்கின் மேல் கோபம்.
காற்றடித்தால் கோபம். வெயில் பட்டால் கோபம்.
தூரத்தில் ஒரு கழுதை காலை மாற்றி வைத்தாலும் கோபம்.
முக்காலியை அழுத்தி
குமிழியை நடுவுக்கு நகர்த்தி
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்வேன்.
ஒத்ஸிலே எழுதுவான்.
இருநூறு தப்படி.
மறுபடி இருநூறு தப்படி.

இரண்டு மணிக்கு ஒருமுறை
பள்ளிக்கூட வாசலுக்குத் திரும்பி
காலையில் அளந்த அதே இடத்தை அளப்போம்.
எண் மாறியிருக்கும்.
உள்ளே சுருள்வில் களைத்திருக்கும்;
நிலா உச்சிக்கு வந்தால் தரையே
விரல்கடை எழும்பும்.
எல்லாவற்றையும் கழிக்க வேண்டும்.
கழித்துக் கழித்து
மிஞ்சுவதுதான் பள்ளம்.

காந்தமானி ஒத்ஸிலேயின் முறை.
இரும்பு ஆகாதென்று பெல்ட்டைக் கழற்றினான்,
சாவியை, பேனாக்கத்தியை,
காற்சட்டையை மொபானே நாரால் கட்டிக்கொண்டு நடந்தான்.
பிள்ளைகள் அந்த நடையை நடித்துக்கொண்டே பின்னால் போனார்கள்.
அலை துள்ளிய இடத்திலெல்லாம்
யாரோ புதைத்த தகரம்.

ஏழாவது கோடு பொயிட்ஷெப்போவின் ஆட்டுப்பட்டியைத் தொட்டது.
மின்தடை அளக்க முளை அடித்தோம்.
மண் எலும்பாய்க் காய்ந்து கிடந்தது,
மின்சாரம் இறங்க மறுத்தது.
ஒவ்வொரு முளையின் காலிலும்
ஒரு குவளை உப்புத்தண்ணீர் ஊற்றினோம்.
நாற்பது முளை.

சுவரோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தவள்
பதினெட்டாவதில் வந்துவிட்டாள்.
"தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க
தண்ணீரையே கொட்டுவீர்களா?"
"தேடுவது தண்ணீரை இல்லையம்மா, பள்ளத்தை" என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது,
அது அதைவிட மோசமான பதில்.

இரண்டு முறை ஆழ்துளை போட்டு
இரண்டு முறையும் புழுதியை மட்டும் பார்த்தவள்.
பேசாமல் பட்டிக்குள் போனாள்.
காய்ந்த மேலோட்டை மண்வெட்டியால் பெயர்த்து
அடியில் ஊறிக் கிடந்த ஆட்டு மூத்திரச் சேற்றை
வாளியில் அள்ளி வந்து வைத்தாள்.
"இதுவும் உப்புதானே."

மிச்சம் இருபத்திரண்டு முளையிலும்
மின்சாரம்
மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியது.

மாலையில் கேட்டாள்,
பெட்டி என்ன சொல்கிறதென்று.
"உங்கள் வீட்டடியில் பாறைக்குப் பதில் சேறு.
பூமி இங்கே கொஞ்சம் குறைவாக இழுக்கிறது."
"அப்படியானால் நான் இங்கே எடை குறைவா?"
"ஆமாம்."
"எவ்வளவு?"
நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
"பத்துச் சோள மணி."

என் முகத்தையே பார்த்தாள்.
"என் முழங்காலுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை."
உள்ளே போய்
பத்தை எண்ணி எடுத்து வந்து
கோழிக்குப் போட்டாள்.

கடைசி நிலையம் வட்டத்தின் நடுவில்.
சரியாக அங்கே
ஒரு கழுதை படுத்திருந்தது.
கல்லெடுத்தான் ஒத்ஸிலே. வேண்டாமென்றேன்.
பக்கத்தில் முக்காலியை வைத்துக் குனிந்து பார்த்தேன்.
அதன் விலா ஏறி இறங்க
கண்ணாடிக்குள் மெல்லிய கோடும்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் மூச்சைப் பிடித்திருந்தேன்.
கழுதை பிடிப்பதாயில்லை.