பிறகு தருவேன் என்னும் பொருள்

டோர்ஷாவ்ன் துறைமுகம், மீன்வள ஆய்வகம்.
திங்கள் காலை. மழை பக்கவாட்டில் பெய்கிறது.
கப்பலிலிருந்து வந்த சுன்னிவா
தன் நோட்புக்கின் நகலைத் திறக்கிறாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு காட் மீன்களின் காதுக்கல்,
கல்லுக்குள் வளையம், வளையத்துக்கொரு குளிர்காலம்,
மூன்று வாரக் கண்வலி
இருக்க வேண்டிய இடத்தில்
ஒரே ஒரு வரி:
பிறகு தருவேன் என்னும் பொருள், நினைவகத்தில் இன்ன முகவரி.

சலவைக்குப் போட்ட சட்டைக்குப் பதில்
சீட்டை மடித்து அலமாரியில் வைத்ததுபோல.

நகலெடுக்கும் நீட்சி ஹெர்போர்க் எழுதியது.
எட்டு வருடம் இருக்கும். அப்போது கோப்புகள்
மாடிப்படிக்குக் கீழே ஒரு வட்டில் கிடந்தன.
கேட்டால் கையோடு கிடைக்கும்.
அவள் நிரலில்
காத்திருக்க ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை த்ரோன்துர்
கிடங்கை மேகத்துக்கு மாற்றினான்.
இனி கேட்டதும் பொருள் வராது, வாக்கு வரும்.
வாக்கு உடனே வந்துவிடும், அதுதான் வினை.
'இதோ வந்துட்டேன்' என்று இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு
இன்னும் செருப்பு மாட்டாதவர்களை
நாமே எத்தனை முறை நம்பியிருக்கிறோம்.
நீட்சியும் நம்பியது.
பதிவேட்டில் மட்டும் மஞ்சளாய் ஓர் எச்சரிக்கை:
இதற்காக ஒருவரும் காத்திருக்கவில்லை.
சனியும் ஞாயிறும்
அந்த வரியைப் படிக்கவும் ஆளில்லை.

"எல்லாவற்றையும் அசிங்க் ஆக்கிவிடு"
தெற்குத் தீவிலிருந்து போனில் த்ரோன்துர். காற்று, படகு ரத்து.
(அந்தச் சொல்லின் வாலை
இன்னும் கொஞ்சம் நீட்டினால் அசிங்கம்.)

"எல்லாம் என்றால் யாருடையது?
நூக்கில் ஒருவர், ரெய்க்யாவிக்கில் ஒருவர்,
எழுதிவிட்டு மறந்தவர்கள், வேலை மாறியவர்கள்,
அவர்களின் நீட்சிகளெல்லாம் தினமும்
நம் வாசலில் வந்து கைநீட்டுகின்றன.
வீடு வீடாய்ப் போய்ச் சொல்வாயா?"

முதலில் அவள் பிடிவாதமாய்ச் செய்தது தப்பு.
பழைய நிரலுக்குள்ளேயே ஒரு சுழலை ஓடவிட்டு
வாக்கைப் பிழிந்து பொருளெடுக்கப் பார்த்தாள்.
சுழல் ஏற்கெனவே ஓடுகிறது என்று
முகத்திலடித்தது பிழை.
சுற்றும் ராட்டினத்துக்குள் இன்னொரு ராட்டினம்.

பிறகு வாசலில் ஒரு சின்னச் செயல்கூறு.
நான்கு வரி.
வந்ததைத் தொட்டுப் பார்க்கும்.
பொருளென்றால் அப்படியே கைமாற்றும்,
வாக்கென்றால் உட்கார்ந்துவிடும்.
நீ எந்தக் காலத்து ஆள் என்று
யாரையும் கேட்காது.

உட்காருவதற்கும் விலை உண்டு.
காத்திருப்பவரைக் கூப்பிட்டவரும் காத்திருக்க வேண்டும்,
அவரைக் கூப்பிட்டவரும்.
நான்கு வரிக்காக மேலே பதினேழு இடத்தில்
'காத்திரு' என்று எழுதிச் சேர்த்தாள்,
இரவு பத்தரை, ஆறிப்போன காப்பி.
பதினெட்டாவது இடத்தை விட்டுவிட்டாள்.
அது புதன்கிழமைதான் தெரியவந்தது.

சுன்னிவா இது எதற்கும் காத்திருக்கவில்லை.
கற்கள் தட்டில் பத்திரமாக இருந்தன.
நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டு
முதல் கல்லைத் திருப்பினாள்:
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவது வளையம் பாதியில் நிற்கிறது.
அந்தக் குளிர்காலம் முடியுமுன்பே
வலை வந்திருக்கிறது.