காணிப்பெயர்

பூர்கோஞ்சில் இருந்து மச்சான் குணாளன்
வீடியோவில் ஒரு மதிலைக் காட்டினான்.
முழங்கால் உயரம். ஆடு தாண்டும்.

மதிலுக்கு மேலே காய்ச்சால் முதல் தரம்,
கீழே காய்ச்சால் வெறும் ஊர்ப்பெயர்.
கொடி ஒண்டு, வெய்யில் ஒண்டு.
மேலே தண்ணி வடியுமாம், கீழே தேங்குமாம்,
அதுக்குப் போத்தலில் பத்து மடங்கு.
எப்பவோ ஆரோ நடந்து பார்த்து எழுதினது,
இனி அசையாது.

நீ எந்தப் பக்கம் ஆய்ஞ்சனி?
ரெண்டும்தான். மணித்தியாலக் காசு ஒண்டு.

உரும்பிராயில் என்ரை முந்திரிகைத் தோட்டம்
உறுதியில் கொத்தியாவத்தை.
நாலு பரப்பு, பதினொரு குழி,
கிணத்திலை பங்கு, வழிவாய்க்கால் உரித்து.
ஒரு முழம் செம்பாடு, பிறகு முழுக்கக் கல்.
கிணறு ஆழமாக்க வெடி வைச்ச அண்டு
கல்லுக்குள்ளே சிப்பி கிடந்தது.
அங்கையும் சிப்பிதானாம்.

கிழக்குமூலைக் குலை தித்திக்கும்,
மோட்டர்க் கொட்டிலடி புளிக்கும்.
எனக்கும் அணிலுக்கும் தெரிஞ்ச விசயம்.
திருநெல்வேலிச் சந்தையில் ஞானச்செல்வம்
என்ரையையும் நீர்வேலிக்காரரின்ரையையும்
ஒரே குவியலாய்க் கொட்டி
'யாழ்ப்பாணப் பழம், புளி' எண்டு
விலையை இறக்குவான்.

இண்டைக்குக் கிழக்குமூலையைத் தனியாய் வெட்டி
பெட்டியில் நீல மையால் எழுதினன்:
கொத்தியாவத்தை.

"இதார், உன்ரை மனுசனோ?"

ஓம் எண்டன்.

கவிழ்க்கத் தூக்கின பெட்டியை
இடுப்பில் தாங்கிக்கொண்டு
ஒண்டைப் பிச்சு வாயில் போட்டான்.