புருவத்தின் வால்

ஓல்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடைக்கு மேல், இரண்டாம் மாடி.
ஒவ்வொரு ரயில் போகும்போதும்
மேசையிலிருந்த நிறக்குப்பிகள் மெல்லக் கிலுங்கின.

தைரொயிட் என்றார் டொக்டர்.
புருவத்தின் வால்தான் முதலில் உதிருமாம்,
இரண்டு பக்கமும், கணக்குப் பிசகாமல்.
உதிர்ந்த இடத்துக்குப் பென்சில் வைத்திருந்தேன்.
ஆனால் எனக்கு வேலை
ஹோட்டல் விரிப்புகள் வெளுக்கும் ஆலையில்.
காலை ஆறுக்குக் கீறினால்
பத்துமணித் தேநீருக்கு முன்னமே நீராவி
ஒரு பக்கத்தைக் காதுவரை கொண்டுபோயிருக்கும்.
"கோபமா, தவா?" என்பாள் லூர்தெஸ்.
கோபமில்லை. வியர்வை.

ஷ்ப்ரெசா இரண்டு தாள்களை விரித்தாள்.
இது தற்காலிகம்.
மேல்தோலில் மெல்லிய கீறல், மயிர் மயிராக.
ஒன்றரை வருடம் நிற்கும், பிறகு வெளிறும்.
நானூற்றுத் தொண்ணூறு பிராங்க்.
இது நிரந்தரம்.
ஊசி ஆழம் போகும். காசும் கூட.
எது வேண்டும்?

எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினொரு வருடம்
எஃப் அட்டையில் இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா!
வருடத்துக்கொரு தடவை வரும் அந்த உறை,
பிரிக்க முன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வேன்.
ஜெர்மனில் நான் பிழையில்லாமல் எழுதப் பழகிய
முதல் நீளமான சொல் 'தற்காலிகமாக'.
அதைக் கண்ணுக்கு மேலேயும் எழுதிக்கொள்ளவா?
"நிரந்தரம்" என்றேன்,
விலையின் கடைசி இலக்கத்தைப் பார்க்காமலே.

அவள் ஊசியை எடுக்கவில்லை.
கைபேசியில் ஒரு நெற்றியைக் காட்டினாள்,
யாருடையதென்று சொல்லாமல்.
கறுப்பாய்ப் போனது
பத்து வருடத்தில் பாசியாய் ஊறிக் கிடந்தது.
எங்கள் மொழியில்
இதைப் பச்சை குத்துவது என்போம், என்றேன்.
"அப்போ உங்கள் ஆட்களுக்கு முதலே தெரியும்."

நூல் மாதிரி, நடுவில் தூக்கி வளைத்த புருவம்;
அந்த நாளைய மோஸ்தராக இருக்கும்.
அந்தப் பெண் எதற்கோ ஆச்சரியப்பட்டு
இறங்க வழி தெரியாமல்
அங்கேயே வயதாகிக்கொண்டிருந்தாள்.

அட்டைக் கதையை அவளிடம் சொன்னேன்.
அவளுக்கும் எஃப்தானாம், எட்டு வருடம்,
பிரிஸ்டினாவிலிருந்து வந்த புதிதில்.
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
நான் போட்டுக்கொண்டிருந்த முடிச்சை
பஞ்சால் நெற்றியைத் துடைத்தபடியே அவிழ்த்தாள்:
"அட்டை வேறு. மயிர் வேறு."

பிறகு நூல் பிடித்து அளந்தாள்.
மூக்கிலிருந்து, கண்மணியிலிருந்து, கடைக்கண்ணிலிருந்து.
இடப்பக்கம் ஒரு அரிசி உயரம் கூடவாம்.
ஐம்பத்திரண்டு வருடம்
ஒருவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை,
என் மனுசன் உட்பட.

தற்காலிகத்துக்குக் கையெழுத்து வைத்தேன்.
வெளிறினால் வருவேன், வராமலும் விடுவேன்.
அந்த உறைக்கு
அப்படியொரு பதில் எழுத இடமிருக்கவில்லை.

மரக்கும் களிம்பு, இருபது நிமிடம்.
வலியில்லை, சத்தம்தான்.
புதுத் துணியைச் சீவுவதுபோல்
மண்டைக்குள்ளே கேட்டது.
தலையெழுத்து, தலையெழுத்து என்று
எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்,
எழுதும்போது இப்படிச் சத்தம் வருமென்று
யாரும் சொன்னதில்லை.

பத்து நாள் நீராவி கூடாது.
ஆறு கிழமையில் மீண்டும் வரவேண்டும்,
அட்டையில் தேதி போட்டுத் தந்தாள்.
அதை எங்கே வைப்பதென்று யோசித்து
பழக்கதோஷத்தில்
வதிவிட அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை, ஆலையில்,
கொஞ்ச நாள் மடிக்கும் பகுதியில் நிற்கட்டுமா
என்று மேற்பார்வையாளர் ரூக்டியிடம் கேட்டேன்.
காரணமும் சொன்னேன்.
அவர் புருவத்தை உயர்த்தினார்.

தோல் இழுத்தது, காய்ந்த பொருக்கு கடித்தது.
என்றாலும்
நானும் உயர்த்தினேன்.