அட்டைக்கு வைத்த உப்பு

காலை நாலேகாலுக்கு ஜீப் வரும்.
பையை ராத்திரியே கட்டி
கதவுக் கொண்டியில் மாட்டிவிடுவேன்.

உள்ளே
கிழிந்த வேட்டித் துணியில் முடிந்த கல்லுப்பு, அட்டைக்கு.
யூரியாச் சாக்கு, மழைக்கு.
காய்ச்சல் மாத்திரை ஆறு. பிளேடு.
பாலித்தீனில் சுற்றிய தீப்பெட்டி.
மாற்று ரவிக்கை ஒன்று.
ஆதார் நகலின் முதுகில், பெரிய எழுத்தில்,
சின்னமனூர்த் தம்பியின் நம்பர்:
நான் பேச முடியாமல் கிடந்தால்
யாராவது படிக்க.
அடித்தையலைப் பிரித்து
உள்ளே வைத்துத் தைத்த இருநூறு ரூபாய்.

‘என்னடி பவுன்தாயி, சீர் கொண்டு போறியா?’ என்பாள் ஒச்சம்மா.
அவள் கையில் தூக்குவாளி மட்டும்தான்.

சிரிக்கட்டும்.
இதில் எதையும் நான் யோசித்து வைக்கவில்லை.
மாத்திரை, பூப்பாறையில் குளிர்ஜுரத்தோடு
சாயங்காலம் வரை ஏலக்காய் எடுத்த நாள்.
இருநூறு, கூலி தராமல் கங்காணி போன சனிக்கிழமை
பதினேழு வளைவையும் நடந்தே இறங்கியது.
ரவிக்கையைப் பற்றிச் சொல்லமாட்டேன்.
வந்துபோன கஷ்டத்துக்கெல்லாம்
நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.
அட்டையைத் தவிர
எதுவும் மறுபடி வந்து உட்கார்ந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு நாள்.
போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டி ரெண்டு பர்லாங்கில்
ரோட்டுக்குக் குறுக்கே யூகலிப்டஸ் கிளை.
வேட்டியை மடித்துக் கட்டிய நாலு பையன்கள்
‘இன்னு ஹர்த்தாலாணு, சேச்சி’ என்றார்கள், மரியாதையாக.
எதற்கென்று அவர்களுக்கே முழுசாய்த் தெரியவில்லை.
சுருளி ஜீப்பைத் திருப்பி
டீக்கடை வரை வருவதற்குள் போன்:
பதினோராம் வளைவில் பாறை சரிந்து கிடக்கிறது.

மேலே அவர்கள் கிளை, கீழே நம்ம பாறை.
பதினாலு பொம்பளைகள், ஒரு டிரைவர்,
வேலையில்லாத ஒரு முழுப் பகல்.

பையைத் திறந்து பார்த்தேன்.
இதற்கு ஒன்றும் இல்லை.

போன கூலியைக் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தோம்.
சீட்டுப் பணம், ரேஷன், பிள்ளையின் பீஸ்.
எத்தனை தடவைதான் கூட்டுவது?
வெயில் வந்துவிட்டது.
இருபது வருஷமாய் இந்த மேட்டைக் கடக்கிறேன்,
ஏறும்போது இருட்டு, இறங்கும்போது தூக்கம்.
இங்கிருந்து போடி தெரியும் என்று
எவரும் சொன்னதில்லை.
எங்கள் தெருத் தண்ணித்தொட்டிகூட,
சுண்ணாம்பு டப்பா மாதிரி.

கடைக்குப் பின்னால் கொய்யா காய்த்திருந்தது,
எல்லாம் பிஞ்சும் துவர்ப்பும்.
ஐம்பத்திரண்டு வயசு ஒச்சம்மா
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரமேறினாள்.
‘உப்பு இருந்தாத் தேவலை’ என்றது ஒரு குரல்.
பதிமூணு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என்றைக்கும் காலுக்குப் போகிற உப்பு
அன்றைக்கு நாக்குக்குப் போனது.
பிளேடு காயைக் கீறியது.
சாக்கு படுக்கையானது.
தையலைப் பிரித்து
இருநூறுக்கும் டீ சொன்னேன், மீதிக்கு முறுக்கு.
புருஷன் போனதிலிருந்து யாரோடும் பேசாத செல்லக்கிளி
டீ ஆறுவதற்குள் தூங்கிப்போய்
தூக்கத்தில் யாரையோ வைதாள், நல்ல சத்தமாக.
எழுப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாலு மணிக்குப் பாறையைத் தள்ளிவிட்டார்கள்.

அன்று ராத்திரி உப்பை மறுபடி முடிந்தேன்.
இருநூறு சேரவில்லை; தையல் பிரிந்தே கிடந்தது.
புதிதாக ஒன்று மட்டும் போட்டேன்,
பித்தளைத் தாயக்கட்டை ரெண்டு.
அடுத்த ஹர்த்தாலுக்கு.

மூணு மாசமாகிறது.
ஒருதடவையும் வெளியே எடுக்கவில்லை.
ஜீப் வளைவுகளில் திரும்பும்போது மட்டும்
பைக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
சத்தம் போடுகின்றன,
என்ன விழுந்ததென்று
காட்டாமல்.